கருமருந்துத் துவக்குப் பயிற்சி

மனிதன் தன் தேவையை முன்னிட்டு ஆக்கிய கருவிகள், அத்தேவை நீங்கியதும் ஒருங்கே மறைந்துவிடுவதில்லை. பாய்க்கப்பல் நீராவிக் கப்பலுக்கு வழிவிட்டு ஒதுங்கிற்று. ஆயினும் பாய்விரித்துக் கடலோடுவதில் இன்பங் காண்போர் இன்றும் உளர். வில்லும் அம்பும் போர்க்களத்தை விட்டு நீங்கி நூற்றாண்டுகள் சில கழிந்தன. ஆயினும் வில்வித்தை ஒலிம்பிக் விளையாட்டுக்களுள் ஒன்றாக நிலைபெற்றுள்ளது. இவ்வரிசையிற் சேர்த்தெண்ணத் தக்கது கருமருந்தால் இயங்கும் பழைய துவக்கு. வாய்வழியே மருந்தும் ஈயக்குண்டும் இட்டு, கோலால் இடித்துச் சுடப்படும் இக்கருவியை, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் யப்பானிலும் பலர் ஓய்வுநேரப் பயிற்சியாகக் கைக்கொண்டுள்ளனர். விரைவாகச் சுடும் புதிய துவக்குகள் பல இருப்பவும், மெதுவாக இயங்குவதும் கையைக் கரியாக்குவதும் மழைக்கு அஞ்சுவதுமாகிய ஒன்றை அவர்கள் விரும்புவதற்குக் காரணம் யாது? அவ்விருப்பம் வெறும் பழமைப் பற்றோ, அன்றி அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் பயன் தருவதோ? இவ்வினாக்கள் ஆராயத்தக்கன.

முதற்கண் மருந்தின் இயல்பை அறிதல் வேண்டும். கருமருந்து என்பது வெடியுப்பு, மரக்கரி, கந்தகம் ஆகிய மூன்றன் கலவை. நூறு பங்கில் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்பது நீண்டகாலம் வழங்கிய அளவு. வெடியுப்பு எனப்படும் பொற்றாசியம் நைத்திரேற்று எரிதற்கு வேண்டிய ஒட்சிசனைத் தன்னுள்ளே கொண்டது, கரி எரிபொருள், கந்தகம் தீ விரைந்து பற்றுதற்குத் துணை செய்வது. ஆகவே இக்கலவை வெளிக்காற்றை எதிர்பாராது, மூடிய குழலினுள்ளும் எரிய வல்லது. இதன் செய்முறைக் குறிப்புக்கள் முதன்முதலாக எழுத்திற் காணப்படுவது 1044 இல் சீனத்திலே தொகுக்கப்பட்ட வூஜிங் சொங்யாவ் என்னும் போர்நூலில் ஆகும். பின்னர் இக்கலை மேற்கே பரவிற்று. பிரெஞ்சு அரசின் மருந்துச் சாலைகளை 1775 முதல் மேற்பார்வை செய்தவர், இக்கால இரசாயனவியலின் தந்தையெனப் போற்றப்படும் இலவோசியர் என்பது குறிப்பிடத்தக்கது.

இம்மருந்து எரியும்போது அதன் நிறையிற் பாதிக்குக் குறைவான பகுதியே வாயுவாக மாறுகின்றது. எஞ்சியது பொற்றாசியத்தின் காபனேற்று, சல்பேற்று முதலிய திண்மப் பொருள்களாகின்றது. அவற்றுட் சில நுண்துகளாக வெளிப்பட்டு வெண்புகையாகத் தோன்றுகின்றன. சில குழலின் உட்புறத்தில் அழுக்காகப் படிகின்றன. பழைய துவக்கின் குற்றங்களாகக் கூறப்படுவனவும், அதனைப் பயில்வோர் கற்கும் பாடங்களும் பெரும்பாலும் இவ்வொரு காரணத்தினின்றே பிறப்பன.

மருந்துக்குத் தீயூட்டும் முறையின் வளர்ச்சியே துவக்கின் வரலாறு எனலாம். தொடக்கத்தில் கனன்றுகொண்டிருக்கும் திரியை மருந்திலே தாழ்த்தித் தீயூட்டினர். 1543 இல் போர்த்துக்கேயர் வழியாக யப்பானின் தனேகசிமாத் தீவை அடைந்தது இத்தகைய திரித்துவக்கே. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிலே சிக்கிமுக்கிக் கல் துவக்கு செம்மை பெற்றது. இதிலே, கல்லைக் கவ்விய ‘குதிரை’ என்னும் உறுப்பு உருக்குத் தகட்டின்மேல் மோதும்; எழும் பொறி சிறு கிண்ணியிலுள்ள மருந்தைப் பற்றவைக்கும்; அத்தீ சிறு துளைவழியே குழலினுட் புகும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உலகப் போர்களிற் பெரும்பாலானவை இக்கருவியாலேயே நடந்தன.

இம்முறைக்கு முடிவுகட்டியவர் ஒரு சமயகுரு. கிண்ணியில் எழும் ஒளியைக் கண்டு பறவைகள் குண்டு வருமுன் பறந்துவிடுதலைக் கவனித்த ஸ்கொத்லாந்து நாட்டு அலெக்சாந்தர் போர்சித், அடித்தாற் பற்றும் இரசாயனப் பொருளொன்றைப் பயன்படுத்தும் முறைக்கு 1807 இல் காப்புரிமை பெற்றார். அதன்வழி, சில ஆண்டுகளிற் செம்பினாலான சிறு வெடிமூடி தோன்றிற்று. 1849 இல் பிரெஞ்சுப் படையதிகாரி மினியே அமைத்த, அடிப்புறம் குடைந்த கூம்புக் குண்டு, சுருள்வரி செதுக்கிய குழலிலே எளிதாக இறங்கி, சுடும்போது விரிந்து வரிகளைப் பற்றிச் சுழன்று சென்றது. ஆயின் 1884 இல் போல் வியேய் என்னும் பிரெஞ்சு இரசாயனர் புகையற்ற மருந்தைக் கண்டதும், 1886 இல் பிரெஞ்சுப் படை அதற்கேற்ற துவக்கை ஏற்றதும், கருமருந்தின் ஆட்சி முடிவுற்றது.

போர்க்களத்தை இழந்த கருவி பயிற்சிக்களத்திற் புத்துயிர் பெற்றது இருபதாம் நூற்றாண்டிலாகும். அமெரிக்காவின் மலைப்புற மாநிலங்களில், செர்மானியக் குடியேறிகள் பென்சில்வேனியாவிலே வளர்த்த நீள்குழல் றைபிள்கள் பல வீடுகளிற் பாதுகாக்கப்பட்டு வந்தன. 1931 இல் ஒகாயோ மாநிலத்துப் போட்சுமத்திலே அத்தகைய துவக்குகளுக்கென ஒரு போட்டி நிகழ்ந்தது. அதன் பயனாக 1933 இல் தேசிய வாய்வழித் துவக்குச் சங்கம் நிறுவப்பட்டது. இன்று அதன் நிலையம் இந்தியானா மாநிலத்துப் பிரெண்ட்சிப் என்னும் சிற்றூரில் உள்ளது. 1950 இல், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத் துவக்குகளால் அணியணியாகக் குறிபார்த்துச் சுடும் சங்கமொன்று தோன்றியது. இங்கிலாந்தில் 1952 இல் இதுபோன்ற சங்கம் அமைந்தது. நாடுகள் பலவற்றின் சங்கங்களை இணைக்கும் அனைத்துலகக் குழு 1971 இல் உருவாயிற்று. பழைய துவக்குகள் அரியனவும் விலையேறியனவுமாதலின், அவற்றைப் போலப் புதியனவாகச் செய்யும் தொழில் இத்தாலியின் வால் திரொம்பியாப் பள்ளத்தாக்கிலுள்ள கார்தோனே என்னும் ஊரில் வளர்ந்தது. அப்பள்ளத்தாக்கு பல நூற்றாண்டுகளாகத் துவக்குக் குழல்களுக்குப் பெயர்பெற்றது.

அனைத்துலகப் போட்டிகளின் விதி இக்கலையின் இயல்பைத் தெளிவாகக் காட்டும். முப்பது நிமிடத்திற் பதின்மூன்று முறை சுடலாம். அவற்றுட் சிறந்த பத்தே கணக்கிடப்படும். அஃதாவது, ஒரு முறைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட காலம் உண்டு. மூன்று தவறுகளுக்கும் இடமுண்டு. விரைவுக்கு இங்கே பரிசில்லை. போட்டிப் பிரிவுகளின் பெயர்களும் வரலாற்றை நினைவூட்டுவன. யப்பானியத் தீவின் பெயரால் ‘தனேகசிமா’ எனத் திரித்துவக்குப் பிரிவொன்றும், குண்டமைத்தவரின் பெயரால் ‘மினியே’ எனப் படைத்துறை றைபிளுக்கு ஒரு பிரிவும், கார்தோனேயின் புகழ்பெற்ற குழற்கொல்லர் குடியின் பெயரால் ‘கொமினாசோ’ எனக் கல்விசைக் கைத்துவக்குக்கு ஒரு பிரிவும் உள.

இனி, ஒரு முறை சுடுதற்கு வேண்டிய செயல்களை நோக்குக. சுடுபவர் முதலில் மருந்தை ஒரு சிறு முகவையால் அளந்தெடுப்பர். கொம்பிலிருந்தோ குடுவையிலிருந்தோ நேரே குழலினுட் பெய்தல் விலக்கப்பட்டது; முன்னைய சூட்டின் கனல் துணுக்கொன்று குழலினுள் எஞ்சியிருப்பின், கையிலுள்ள கொம்பு முழுவதும் தீப்பற்றும் என்பதே காரணம். அடுத்து, எண்ணெய் அல்லது கொழுப்புத் தடவிய துணித்துண்டைக் குழல்வாயில் இட்டு, அதன்மேல் ஈயக்குண்டை வைத்து, கோலால் அடிவரை இறக்குவர். குண்டு குழல்வாயிலும் சற்றே சிறியது. அவ்விடைவெளியை நிரப்பிச் சுருள்வரியின் சுழற்சியைக் குண்டுக்கு ஊட்டுவது துணியே. குண்டு மருந்தின்மேல் நன்கு அமர்தல் வேண்டும். இடையே வெற்றிடம் இருப்பின் குழல் புடைத்துக் கெடவோ பிளக்கவோ கூடும். ஆதலின் குண்டு முற்றாக இறங்கியமையைக் காட்டும் அடையாளமொன்றைக் கோலிற் கீறிவைத்தல் மரபு. இவையெல்லாம் முடிந்த பின்னரே கிண்ணியில் நுண்மருந்து இடுதலும், குதிரையை நிமிர்த்தலும், குறிபார்த்தலும் நிகழும்.

விசையை அழுத்தியதும் புதிய துவக்கிற்போல உடனே வெடி எழுவதில்லை. கல் மோதிப் பொறி விழுந்து, கிண்ணி பற்றி, தீ துளைவழிச் சென்று குழலை அடைதற்குக் கணநேரம் செல்கின்றது. அக்கணத்திற் கண்முன்னே தீச்சுடரும் புகையும் எழும். பழகாதவன் அதனைக் கண்டு முகத்தைத் திருப்புவான், குறி தவறும். பழகியவனோ, விசையை அழுத்திய பின்னும் குறியைவிட்டுக் கண்ணை எடாது அசைவின்றி நிற்பான். சில வேளை கிண்ணி மட்டும் எரிந்து குழல் பற்றாமற் போதலும் உண்டு. அப்போது குழல்வாயைக் குறியை நோக்கியே வைத்துக்கொண்டு சிறிதுநேரம் காத்திருத்தல் வேண்டும். காலந்தாழ்த்தி வெடித்தல் கூடும் ஆதலின், அக்காத்திருத்தலிலே உயிர்ப்பாதுகாப்பு அடங்கியுள்ளது.

சுட்டு முடிந்தபின்னும் பணி முடிவதில்லை. குழலிற் படிந்த உப்புக்கள் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருவாக்குவன. அவை நீரிற் கரைவன ஆதலின், அன்றே வெந்நீரால் குழலைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசி வைத்தல் கட்டாயமாகும். ஒரு மாலைப்பொழுதின் பயிற்சிக்கு ஒரு மணிநேரக் கழுவுதல் விலையாகலாம். இரசாயனப் பாடத்திற் படித்த உப்புக்களின் கரைதிறன் இங்கே கைவேலையாக மாறுகின்றது.

இப்பயிற்சியால் வரலாற்றறிவு தெளிவடைதலுக்கு எடுத்துக்காட்டு ஒன்று காட்டலாம். 1857 இல் இந்தியாவில் எழுந்த கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாகக் கூறப்படுவது, என்பீல்டு றைபிளின் தோட்டாக்களிற் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டன என்ற செய்தி. தோட்டாவை வாயால் ஏன் கடித்தல் வேண்டும், கொழுப்பு எதற்கு என்பன நூலில் மட்டும் படிப்பவனுக்கு எளிதில் விளங்கா. 39 அங்குலக் குழலுடைய அத்துவக்கை நிமிர்த்தி ஒரு கையாற் பிடித்திருப்பவனுக்கு எஞ்சியது மற்றக் கையும் பல்லுமே. மருந்தும் குண்டும் சேர்த்துச் சுற்றிய காகித உறையைக் கிழித்தற்குப் பல்லே விரைவான கருவி. கொழுப்போ, குண்டு எளிதாக இறங்கவும் கருமருந்தின் அழுக்கை இளக்கவும் வேண்டப்பட்டது. இவ்வாறு ஒரு பெருநிகழ்ச்சியின் அடியிற் கிடக்கும் சிறு காரணத்தை, அத்துவக்கிற் பயின்றவன் தன் கையாலேயே உணர்கின்றான்.

அறிவியல் வரலாற்றுக்கும் இது பொருந்தும். ஆங்கிலக் கணிதவறிஞர் பெஞ்சமின் றொபின்சு 1742 இல் வெளியிட்ட பீரங்கியியல் நூலில், ஊசலொன்றிற் குண்டைப் பாய்ச்சி அதன் விரைவை அளக்கும் முறையை விளக்கினார். வழுவழுப்பான குழலிலிருந்து செல்லும் உருண்டைக் குண்டு ஏன் வழிவிலகுகின்றது என்பதையும், சுருள்வரி ஊட்டும் சுழற்சி ஏன் அதனை நேர்வழியிற் செலுத்துகின்றது என்பதையும் அவர் ஆராய்ந்தார். கிழக்கிந்தியக் கம்பனியின் கோட்டைகளைச் சீர்செய்ய வந்த அவர், 1751 இல் கடலூரை அடுத்த புனித தாவீது கோட்டையில் உயிர்நீத்தார். தமிழ்க் கடற்கரையிலே அவ்வறிஞர் முடிவெய்தினார் என்பது பலர் அறியாதது. ஒஸ்திரியாவின் கிறாட்சு நகர்ப் படைக்கலச்சாலையிலுள்ள பழைய துவக்குகள் சில 1988, 1989 ஆம் ஆண்டுகளிற் சுட்டு அளக்கப்பட்டபோது, குழலைவிட்டு நீங்கும் குண்டின் விரைவு சராசரி செக்கனுக்கு ஏறத்தாழ 450 மீற்றராகக் காணப்பட்டது. ஒலியின் விரைவிலும் இது மிகுதி. பழையன வலிமையற்றன என்னும் எண்ணம் தவறென்பது இதனாற் புலனாகும்.

இவ்வலிமையை மறந்தவிடத்து விளைவது கேடு. கருமருந்து தீப்பொறியால் மட்டுமன்றி, உராய்வாலும் அடியாலும் பற்றக்கூடியது. புகையற்ற மருந்தைப் பழைய துவக்கில் இடுவோர் குழல் சிதறிக் கை இழத்தலும் உயிரிழத்தலும் கூடும். குழலின் உறுதியை விற்பனைக்கு முன்னரே மிகையளவு மருந்தாற் சோதித்து முத்திரையிடும் வழக்கம் மேனாடுகளிற் பழையது. இலண்டன் துவக்குக் கொல்லர் குழு 1637 இல் அரசபட்டயம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813 இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. இங்கிலாந்திற் சுடும் நோக்குடன் வாய்வழித் துவக்கு வைத்திருப்போரும் கருமருந்து வாங்குவோரும் உரிய அனுமதிப்பத்திரங்கள் பெறுதல் வேண்டும். அமெரிக்காவில் 1968 ஆம் ஆண்டுச் சட்டம், 1898 இலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட துவக்குகளைத் தொன்மைப்பொருள் எனப் பிரித்துச் சில விதிகளினின்று விலக்களித்தது. சட்டத்தின் விலக்கு வேறு, கருவியின் இயல்பு வேறு. சட்டம் தளர்ந்தவிடத்தும் ஈயக்குண்டின் விளைவு தளர்வதில்லை.

இலங்கைக்கும் இக்கருவிக்கும் உள்ள தொடர்பு நெருங்கியது. ஈழத்தமிழர் ‘துவக்கு’ என்றும் தமிழகத்தார் ‘துப்பாக்கி’ என்றும் வழங்கும் சொற்கள் துருக்கிமொழிச் சொல்லின் வழிவந்தன. சிங்களத்திலும் ‘துவக்குவ’ என்றே வழங்கும். போர்த்துக்கேயரிடமிருந்து கற்ற கலையை இந்நாட்டுக் கொல்லர் தமதாக்கினர். கண்டி இராச்சியத் துவக்குகளில் தீயூட்டும் பொறி இடப்புறத்தே அமைந்திருத்தல் பிறநாட்டுத் துவக்குகளிற் பொதுவாகக் காணப்படாத தனிச்சிறப்பு. ஜோன் டேவி என்னும் மருத்துவர் 1821 இல் வெளியிட்ட இலங்கை உள்நாடு பற்றிய நூல், மலைக்குகைகளின் மண்ணிலிருந்து வெடியுப்பு எடுக்கப்பட்டதை விவரிக்கின்றது. ஒல்லாந்தர் 1765 இல் கண்டியிலிருந்து கொண்டுசென்று, ஆம்ஸ்டர்டாம் அரும்பொருட்சாலையில் இருந்த பீரங்கி 2023 இல் நெதர்லாந்து அரசால் மீட்டளிக்கப்பட்டது. அதனுடன் வந்த பொருள்களுள் ‘மகா துவக்கு’ எனப்படும் பெருந்துவக்குகள் இரண்டும் அடங்கும்.

ஆயின் இந்நாட்டுக் காட்டோரச் சிற்றூர்களிலே வாய்வழித் துவக்கு ஓய்வுநேர இன்பப்பொருள் அன்று. ‘இடியன்’ என மக்கள் வழங்கும் அத்துவக்கு, பன்றியும் யானையும் பயிரை அழிக்கும் இடங்களில் உழவனின் காவற்கருவி. 1916 இல் ஆக்கப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்று அதனை வைத்திருப்போர் உளர். அனுமதியின்றி ஊர்க்கொல்லர் செய்யும் இடியன்களும் உள. அவற்றுக்குச் சோதனைச்சாலையின் முத்திரை இல்லை. குழலின் உறுதிக்குச் சான்றில்லை. மருந்தின் அளவு கைக்கணக்கே. மேனாட்டான் பயிற்சிக்களத்திற் கண்ணுக்கும் காதுக்கும் காப்பணிந்து மேற்பார்வையாளரின் சொல்லுக்குக் காத்துநின்று செய்யும் அதே செயலை, இங்கு ஒருவன் இரவிலே, தனிமையிலே, விளைந்த பயிரைக் காக்கவேண்டிய நெருக்கடியிலே செய்கின்றான். கருவி ஒன்றே, அதனைச் சூழ்ந்த அறிவும் காப்புமே வேறு. ஒருவனுக்கு இன்பமாவது மற்றவனுக்கு இடராவது இவ்வேறுபாட்டினாலேயாம்.

கொலைக்கருவியை விளையாட்டுப்பொருளாக்குதல் தகுமோ என வினவுவோர் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. இப்பழைய துவக்குகளால் மடிந்தோர் தொகை எண்ணில் அடங்காது. அதனை மறந்து புகையையும் ஓசையையும் மட்டும் போற்றுதல் அறிவுடைமையாகாது. எனினும், இலக்குப் பலகையை நோக்கிச் சுடும் பயிற்சியின் நோக்கம் பிற உயிரை வெல்லுதல் அன்று. தன் கையையும் மூச்சையும் வெல்லுதலே. வாளும் வில்லும் இவ்வழியே போரைத் துறந்து கலையாயின. இக்கருவி எத்தகையது என்பதை மறவாதிருப்பவனே இதனைப் பயிலத் தகுதியுடையவன். பயிற்சிக்களத்தின் கடுமையான விதிகள் அம்மறவாமையை நாடோறும் புதுப்பிப்பன.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை காணலாம். புதிய துவக்கிலே தோட்டாவை ஆக்கியவர் ஒருவர். அதனைச் சுடுபவர் வேறொருவர். சுடுபவர் அறியவேண்டுவது விசை ஒன்றே. கருமருந்துத் துவக்கிலோ மருந்தை அளப்பதும், துணியைத் தெரிவதும், ஈயத்தை 327 பாகைச் சூட்டில் உருக்கிக் குண்டு வார்ப்பதும், கல்லைக் கூர்மைப்படுத்துவதும் பெரும்பாலும் சுடுபவர் கடமைகளே. குறி தவறின் பழிசொல்ல வேறெவரும் இலர். மருந்து ஈரமோ, துணி தடித்ததோ, கல் மழுங்கியதோ, கை நடுங்கியதோ எனக் காரணங்களை ஒவ்வொன்றாக நாடித் தேறுதல் வேண்டும். விளைவினின்று காரணத்தை நாடும் இப்பழக்கமே ஆய்வுகூடத்தில் மாணவன் பெறும் பழக்கம். மெதுவான கருவி மனிதனைச் சிந்திக்க வைக்கின்றது என்பதே அதன்பால் எழும் விருப்பத்துக்கு உண்மைக் காரணமாகும்.

ஆகவே கருமருந்துத் துவக்குப் பயிற்சி, அறிவும் காப்பும் பொறுப்பும் உடன்செல்லுமளவும் மதிக்கத்தக்க கலையாம். அவை நீங்கியவிடத்து, அது நூற்றாண்டு பழமையுடையதாயினும் நேற்றுச் செய்ததாயினும், கொல்லுங் கருவியன்றி வேறன்று. பழம்பொருள்களைப் பேணுவோரும் வரலாறு கற்போரும் இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே உளங்கொள்ளுதல் நன்று.